‘டு’வா ‘இங்’கா என்று தமிழைக் கேட்டாலே போதுமே!

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஆங்கிலப் பாடத்துக்காக ஒரு பக்கம் முழுக்க அட்டவணை போட்டிருந்தீர்கள். இடது பக்கம் ‘டு’ போட்டு எழுத வேண்டிய வினைகள், வலது பக்கம் ‘இங்’ சேர்த்து எழுத வேண்டிய வினைகள், கீழே ‘இவற்றை மனப்பாடம் செய்துகொண்டால் தவறே வராது’ என்று ஒரு வரி. என்னிடம் தட்டச்சு படிக்க வரும் பெண் ஒருத்தி அதைக் கத்தரித்து மெஷினுக்கு நேர் மேலே சுவரில் ஒட்டிவிட்டாள். நாலு நாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் பொறுக்கவில்லை, எழுதுகிறேன்.

நான் ஆங்கில ஆசிரியை இல்லை. தாலுகா ஆபீசுக்கு எதிரே 26 வருடமாகத் தட்டச்சு நிலையம் நடத்துகிறேன். தட்டச்சுப் பரீட்சைக்கு வருகிறவர்கள் குறைந்துபோனதால் இப்போது ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் என்று பிழைப்பு ஓடுகிறது. லீவ் லெட்டர், வேலைக்கு விண்ணப்பம், மெமோவுக்குப் பதில், வங்கிக்கு மனு என்று ஊரார் எழுதும் ஆங்கிலம் முக்கால்வாசி என் கை வழியாகத்தான் போகிறது. அதனால் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்று சொல்கிறேன். ஒரு தனியார் பள்ளியின் வேன் டிரைவர் வந்தார். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறார் என்று யாரோ புகார் சொல்லி, நிர்வாகம் விளக்கம் கேட்டிருக்கிறது. மனிதர் உண்மையிலேயே ஒரு வருடமாகத் தொடுவதில்லை, எங்கள் தெருவுக்கே தெரியும். அண்ணன் மகன் எழுதிக் கொடுத்த தாளைக் கொண்டுவந்து, ‘இதை அப்படியே அடிச்சுக் கொடுங்கக்கா’ என்றார். அதில் முதல் வரி: ‘ஐ ஸ்டாப்டு டு ட்ரிங்க் லாஸ்ட் பொங்கல்’. அவர் சொல்ல நினைத்தது, போன பொங்கலோடு குடிப்பதை நிறுத்திவிட்டேன் என்று. தாளில் இருந்தது, போன பொங்கலன்று குடிப்பதற்காக நின்றேன் என்று. வேன் ஓட்டுகிறவர் இப்படி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால் அது விளக்கமா, வாக்குமூலமா? ‘ட்ரிங்க்’கை ‘ட்ரிங்கிங்’ ஆக்கி, நடுவில் இருந்த ‘டு’வை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் வேலை, இரண்டு தட்டு. அவருக்கு நான் எதை மாற்றினேன் என்றே தெரியாது, பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். அதில் ‘ஸ்டாப்’ வலது பக்கம் மட்டும் இருக்கிறது, ‘இங்’ போட வேண்டிய வினையாக. டிரைவருக்கு அது உதவியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை மனப்பாடம் செய்த பிள்ளை நாளைக்குச் சுற்றுலாக் கட்டுரை எழுதும்போது ‘மேலூரில் டீ குடிக்க நின்றோம்’ என்பதற்கு ‘வி ஸ்டாப்டு ட்ரிங்கிங் டீ’ என்று எழுதுமே, என்ன அர்த்தம்? எல்லாரும் மேலூரோடு டீயை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அங்கே ‘ஸ்டாப்டு டு ட்ரிங்க்’தான் சரி. ‘ரிமெம்பர்’, ‘ஃபர்கெட்’, ‘ரிக்ரெட்’, ‘ட்ரை’ எல்லாம் இதே சாதிதான், இரண்டு பக்கமும் வரும், பக்கம் மாறினால் பொருளும் மாறும். நீங்கள் நாலையும் ஏதோ ஒரு பக்கத்தில் கட்டிப் போட்டுவிட்டீர்கள்.

எனக்கு அட்டவணை மேல் கோபம் இல்லை. தமிழ்ப் பத்திரிகை, தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது, ஆனால் ஒரு வரியாவது தமிழைத் தொட்டுச் சொன்னதா? இந்த இரண்டு வடிவமும் நம்மிடம் அச்சு அசலாக இருக்கிறதே! ‘டு’ போட்டு வரும் இன்ஃபினிடிவ் என்பது நம் ‘செய்ய’, ‘போக’, ‘குடிக்க’. ‘இங்’ போட்டு வரும் ஜெரண்ட் என்பது நம் தொழிற்பெயர், அதாவது செய்தல், செய்வது, செய்தது. (தமிழாசிரியர்கள் ‘செய்தது’ என்பதைப் பார்த்ததும் இன்னும் நுணுக்கமாகப் பிரிப்பார்கள் என்று தெரியும், இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள்.)

டிரைவர் கதையையே தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘குடிக்க நின்றேன்’, ‘குடிப்பதை நிறுத்தினேன்’. குடிக்க என்றால் ‘டு’, குடிப்பதை என்றால் ‘இங்’. இரண்டையும் எந்தக் குழந்தையும் குழப்பிக்கொள்ளாது, எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிகூடக் குழப்பிக்கொண்டதில்லை. ‘கதவைப் பூட்ட மறந்துட்டேன்’ என்று பஸ் ஏறிய பிறகு அலறுகிறோமே, அது ‘ஃபர்காட் டு லாக்’. ‘இல்லை, பூட்டினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு’ என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் அது ‘ரிமெம்பர் லாக்கிங்’. அப்புறம் ஆபீஸ் கடிதங்களில் வரும் ‘தெரிவிக்க வருந்துகிறோம்’, அதுதான் ‘ரிக்ரெட் டு இன்ஃபார்ம்’, இனிமேல்தான் சொல்லப் போகிறார்கள். சொன்னதற்காக வருந்தினால் ‘ரிக்ரெட் சேயிங்’, வாயை விட்டாகிவிட்டது.

‘ட்ரை’ இன்னும் அழகு. ஜன்னல் இறுகிப்போய்க் கிடக்கிறது, இழுக்கிறான், வரவில்லை. திறக்கப் பார்த்தான். ‘ட்ரைடு டு ஓபன்’. அறையில் ஒரே புழுக்கம், ஜன்னலைத் திறந்தால் குறையுமா என்று சோதிக்கிறான், ஜன்னல் திறந்துவிட்டது, புழுக்கம் குறைந்ததா என்பது வேறு விஷயம். திறந்து பார்த்தான். ‘ட்ரைடு ஓபனிங்’. ‘திறக்கப் பார்த்தான்’ என்பதற்கும் ‘திறந்து பார்த்தான்’ என்பதற்கும் நடுவில் என்ன வித்தியாசமோ அதே வித்தியாசம் அங்கேயும். இங்கே நம் பக்கம் தொழிற்பெயருக்குப் பதில் ‘திறந்து’ என்ற எச்சம் வருகிறது, வடிவம் கொஞ்சம் விலகுகிறதுதான், ஆனால் நடந்ததா நடக்கவில்லையா என்ற கணக்கு மாறவில்லை.

இதைவிட நல்ல ஜோடி ஒன்று இருக்கிறது, மனு அடித்து அடித்து எனக்கு நானே கண்டுபிடித்தது. ‘மறு’ என்று ஒரே வினை வைத்திருக்கிறோம். ‘பணத்தை வாங்கியதை மறுத்தான்’ என்கிறோம், ‘பணத்தைக் கொடுக்க மறுத்தான்’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு தனித்தனி வினை. வாங்கியதை மறுத்தால் ‘டினைட் டேக்கிங்’, கொடுக்க மறுத்தால் ‘ரெஃப்யூஸ்டு டு கிவ்’. ‘ஒப்புக்கொள்’ளும் அப்படியே: வாங்கியதை ஒப்புக்கொண்டால் ‘அட்மிட்டட் டேக்கிங்’, கொடுக்க ஒப்புக்கொண்டால் ‘அக்ரீட் டு கிவ்’. நாம் எச்சத்தையும் தொழிற்பெயரையும் மாற்றிப்போட்டே முடிக்கிற வேலைக்கு அவர்கள் வினையையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கிறது. கடன் கொடுத்துவிட்டு அலைகிறவர் மனுவில் இந்த நாலும் ஒரே பக்கத்தில் வரும். நாலையும் பட்டியலில் தேடினால் நாலு தடவை தேட வேண்டும், தமிழில் சொல்லிப் பார்த்தால் வாயிலேயே விடை இருக்கிறது.

ஒன்றாம் வகுப்பில் நாம் ஒப்பித்த முதல் வரி என்ன? ‘அறம் செய விரும்பு’. ஔவையார் அங்கேயே ஒரு இன்ஃபினிடிவை வைத்துவிட்டார். விரும்பு என்றால் ‘வான்ட்’, செய என்றால் ‘டு டூ’. மூன்று வரி தள்ளி ‘ஈவது விலக்கேல்’ வருகிறது. ஒருவர் கொடுப்பதைத் தடுக்காதே என்கிறார், ஈவது என்றால் ‘கிவிங்’. விரும்புவதற்கு ‘செய’, விலக்குவதற்கு ‘ஈவது’. ஆத்திசூடியின் முதல் 4 வரிக்குள் உங்கள் அட்டவணையின் இடது பக்கமும் வலது பக்கமும் முடிந்துவிட்டது சார். வினையெச்சத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் 9 வாய்பாடுகளில் ‘செய’வும் ஒன்று, ஆகவே இது புதிதாக யாரும் கண்டுபிடித்த ஒற்றுமை இல்லை. 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல் நம் ‘செய’ வடிவத்தை இன்ஃபினிடிவ் என்றுதான் குறித்தார். அவர் தன் மொழியின் இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு நம் மொழிக்குள் வந்தார். அதே பாலத்தில் நாம் எதிர்ப்பக்கம் நடந்தால் என்ன?

சரி, ஆங்கிலத்தில் ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கும் சுருக்கமாக ஒன்று. ‘டு’ என்பது முதலில் ‘நோக்கி’ என்ற பொருளில் வந்த ப்ரெபோசிஷன். ‘டு மதுரை’ என்றால் மதுரையை நோக்கி, ‘டு ட்ரிங்க்’ என்றால் குடிப்பதை நோக்கி. அதனால்தான் இன்னும் நடக்காத காரியத்துக்கு, ஆசைக்கு, திட்டத்துக்கு, வாக்குறுதிக்கு அது பொருந்துகிறது. ‘இங்’ ஒரு செயலைப் பெயராக்கி மேஜைமேல் பொருள் மாதிரி வைத்துவிடுகிறது. பழைய ஆங்கிலத்தில் இந்தப் பெயர் விகுதி வேறு, ‘ஓடுகிற’, ‘பாடுகிற’ என்று வரும் எச்ச விகுதி வேறாகத்தான் இருந்தன, பிற்பாடு இரண்டும் ஒரே ‘இங்’ ஆகிவிட்டன. அந்தக் குழப்பம் இன்றைக்கும் இருக்கிறது: ‘ரன்னிங் ட்ரெயின்’ என்றால் ரயில் ஓடுகிறது, ‘வெயிட்டிங் ரூம்’ என்றால் ரூம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, நாம்தான் காத்திருக்கிறோம். பின்னது ஜெரண்ட்.

ஜெரண்ட் என்றதும் பயப்படுகிறவர்கள் கடைத்தெருவை ஒரு தடவை பார்த்தால் போதும். என் கடைவாசலில் நின்றால் வெல்டிங், வயரிங், டைலரிங், பார்க்கிங், கோச்சிங் சென்டர், எதிர்ச் சந்தில் கட்டிங், ஷேவிங். எல்லாமே ஜெரண்ட். ‘டு வெல்டு கடை’ என்று எவனாவது போர்டு வைத்திருக்கிறானா? போர்டுக்குப் பெயர் வேண்டும், பெயருக்கு ‘இங்’தான் வரும் என்று பட்டியல் படிக்காத வெல்டருக்கும் தெரிந்திருக்கிறது.

சிலர் இன்னொரு சூத்திரம் சொல்வார்கள்: நடக்கப் போவதற்கு ‘டு’, நடந்ததற்கு ‘இங்’. பாதி தூரம் சரியாக வரும். ஆனால் ‘கன்சிடர்’, ‘போஸ்ட்போன்’, ‘அவாய்டு’ மூன்றும் இனிமேல் நடக்க வேண்டியதைப் பற்றிப் பேசினாலும் ‘இங்’தான் கேட்கும். அங்கே சூத்திரம் படுத்துவிடும், தமிழ் படுக்காது: போவதைப் பற்றி யோசித்தான், போவதைத் தள்ளிப்போட்டான், போவதைத் தவிர்த்தான். மூன்றிலும் ‘போவதை’. ‘என்ஜாய்’க்கும் அப்படியே. ‘பிடிக்கும்’ என்று எடுத்துக்கொண்டால் படிக்கவும் பிடிக்கும், படிப்பதும் பிடிக்கும், குழப்பம். (‘லைக்’குக்கு இந்தக் குழப்பமே விடை, அங்கேயும் இரண்டும் செல்லும்.) ‘ரசி’ என்று எடுத்துக்கொண்டால் படிப்பதை ரசிக்கிறேன் என்றுதான் வரும், ‘படிக்க ரசிக்கிறேன்’ என்று யார் சொல்வார்கள்?

இதையெல்லாம் சொல்லிவிட்டு, தமிழ் எங்கே காலை வாரும் என்பதைச் சொல்லாமல் விட்டால் நானும் உங்கள் அட்டவணை மாதிரிதான். வாரும் இடங்கள் உண்டு, அவைதான் என் கடையில் தினமும் வருகிற தப்புகள்.

முதல் இடம் லீவ் லெட்டர். ‘டாக்டர் சஜஸ்டட் மீ டு டேக் ரெஸ்ட்’. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார் என்பதில் உள்ள ‘எடுக்க’ அப்படியே ‘டு’ ஆகிவிடுகிறது. ‘சஜஸ்ட்’ அதை ஏற்காது. ‘சஜஸ்டட் டேக்கிங் ரெஸ்ட்’ என்று எழுதலாம், அல்லது வினையையே மாற்றி ‘அட்வைஸ்டு மீ டு டேக் ரெஸ்ட்’ என்று போட்டால் முழுக்கச் சரி. நான் வழக்கமாக வினையைத்தான் மாற்றுவேன், வாக்கியத்தின் மற்றச் சொற்கள் இடம் மாறாமல் இருக்கும், எழுதிக் கொண்டுவந்தவரும் முகம் சுளிக்க மாட்டார்.

இரண்டாவது, ‘செய்ய வைத்தார்’. அப்பா என்னைப் படிக்க வைத்தார் என்பதை ‘மை ஃபாதர் மேட் மீ டு ஸ்டடி’ என்று எழுதாத ஆளை நான் பார்த்ததில்லை. ‘மேக்’குக்குப் பிறகு ‘டு’ வராது, ‘மேட் மீ ஸ்டடி’தான். ‘லெட்’டுக்கும் அப்படியே. ஆனால் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, நான் படிக்க வைக்கப்பட்டேன் என்றால் மட்டும் ‘ஐ வாஸ் மேட் டு ஸ்டடி’ என்று ‘டு’ திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்குத் தமிழில் துணை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ‘ஃபினிஷ்’ இன்னொன்று: எழுதி முடித்தேன் என்கிறோம், ‘எழுத’வும் இல்லை ‘எழுதுவதை’யும் இல்லை, அங்கே ‘இங்’ என்று தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ‘ப்ராமிஸ்’ இன்னொன்று, வருவதாக வாக்குக் கொடுத்தான் என்று நம் வாய் தொழிற்பெயர் பக்கம் சாய்கிறது, அவர்களுக்கு ‘ப்ராமிஸ்டு டு கம்’. இப்படிப் பட்டியல் போட்டால் ஒரு கை விரலுக்குள் பெரும்பாலும் அடங்கும், பத்திரிகையில் ஒரு பக்கம் பிடிக்காது.

மூன்றாவதுதான் பெரிய வில்லங்கம். வேலை விண்ணப்பத்தின் கடைசி வரி. ‘ஐ யாம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’. தங்கள் பதிலைக் கேட்க ஆவலாக இருக்கிறேன் என்ற ‘கேட்க’ அங்கே போய் நிற்கிறது. ‘டு’ வேறு கண்ணெதிரே இருக்கிறதா, இன்ஃபினிடிவ்தான் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த ‘டு’ வேறு ‘டு’. பழைய ‘நோக்கி’. அதற்குப் பின்னால் பெயர்தான் வரும், ஆகவே ‘ஹியரிங்’. என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: ‘டு’வுக்குப் பின்னால் ‘தீபாவளி’ என்று போட்டுப் பார். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு தீபாவளி’, உட்காருகிறது, அப்படியானால் ‘இங்’ போடு. ‘ஐ வான்ட் டு தீபாவளி’, உட்காரவில்லை, அப்படியானால் வெறும் வினை. ஒருத்தி கொல்லென்று சிரித்தாள், அதன் பிறகு அவள் இதில் தப்பு செய்ததே இல்லை.

‘யூஸ்டு டு’வும் இந்தச் சோதனையில் பிடிபடும். நாலு மணிக்கு எழுவேன், அது ஒரு காலம் என்றால் ‘ஐ யூஸ்டு டு கெட் அப்’. நாலு மணிக்கு எழுந்து எனக்குப் பழக்கம்தான், சிரமமில்லை என்றால் ‘ஐ யாம் யூஸ்டு டு கெட்டிங் அப்’. ‘ஐ யாம் யூஸ்டு டு மதுரை வெயில்’ என்று சொல்ல முடிகிறதல்லவா? அங்கே பெயர் உட்காருகிறது, அதனால் ‘இங்’. இன்டர்வியூவில் ‘நைட் ஷிஃப்ட் பழக்கம் உண்டா’ என்று கேட்டதற்கு ‘ஐ யூஸ்டு டு வொர்க் இன் நைட் ஷிஃப்ட்’ என்று பதில் சொல்லிவிட்டு வந்த பையனை எனக்குத் தெரியும். முன்பு பார்த்தேன், இப்போது இல்லை என்று அவனாகவே சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அதனால்தான் வேலை கிடைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், இன்டர்வியூவில் ஆயிரம் இருக்கும். ஆனால் அவன் சொல்ல நினைத்தது அது இல்லை.

ஆசிரியர் அவர்களே, அட்டவணையை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் தமிழ் ஜோடிகளை ஒரு பெட்டிக்குள் போடுங்கள். குடிக்க நின்றேன், குடிப்பதை நிறுத்தினேன். பூட்ட மறந்தேன், பூட்டியது ஞாபகம் இருக்கிறது. கொடுக்க மறுத்தான், வாங்கியதை மறுத்தான். எதிரே ஆங்கில வாக்கியம். அப்படியே ‘ஸ்டாப்’, ‘ரிமெம்பர்’, ‘ஃபர்கெட்’, ‘ரிக்ரெட்’, ‘ட்ரை’ ஐந்தும் இரண்டு பக்கமும் வரும் என்று ஒரு திருத்தமும் போட்டுவிடுங்கள். அது வந்தால் சுவரில் ஒட்டியிருப்பதற்கு மேலேயே ஒட்டிக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் பசையோடு காத்திருக்கிறாள்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டித்தான் போடுவீர்கள் என்று தெரியும். வெட்டுவதாக இருந்தால் டிரைவர் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், ‘மறு’வையும் ‘ஒப்புக்கொள்’ளையும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
தட்டச்சு நிலையம் நடத்தும் வாசகி,
மதுரை மாவட்டம்